பிரின்ட் பெட்டியில் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

கேள்வி இது: "பெங்களூரில் நான்கு பேர் சேர்ந்து, குரோமுக்கு அடிப்படையாக இருக்கும் திறந்த மூல மென்பொருளான குரோமியத்தை வைத்து ஒரு சின்ன பிரவுசர் செய்கிறோம். ஜெராக்ஸ் கடை, ஆன்லைன் சேவை மையம் மாதிரி இடங்களில் ஓடப் போகிறது. பிரின்ட் செட்டிங்ஸ் எளிமையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். குரோமில் இருப்பதில் பாதியைத் தூக்கிவிட்டால் போதுமா? எதை வைக்கலாம், எதை மறைக்கலாம்?"

பாதியைத் தூக்கினால் பெட்டி சின்னதாகும், எளிதாகாது. பிரின்ட் கொடுப்பவருக்கு செட்டிங் மேல் எந்த ஆசையும் கிடையாது. தாள் வீணாகாமல் சரியாக வந்து விழ வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு செட்டிங்கையும் கையில் எடுத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்: இதற்கு விடை அந்த மனிதருக்கு மட்டும்தான் தெரியுமா, இல்லை பிரவுசரே கண்டுபிடித்துவிடுமா? அவருக்கு மட்டுமே தெரிந்ததை முகப்பில் வைத்துக் கேளுங்கள். பிரவுசரால் கண்டுபிடிக்க முடிந்ததை அதுவே செய்துவிட்டு, செய்ததைக் கண்ணில் படும்படி காட்டட்டும்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அல்சூரிலோ சிவாஜிநகரிலோ கொஞ்சம் கூட்டமுள்ள ஜெராக்ஸ் கடை ஒன்றில் போய் நில்லுங்கள். ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வார்கள். வாட்ஸ்அப் வெப்பில் திறந்து, பிரவுசரிலிருந்தே கன்ட்ரோல்-பி. தமிழில் கேட்டாலும் கன்னடத்தில் கேட்டாலும் கேள்விகள் அதேதான்: கலரா, பிளாக் அண்ட் வைட்டா? ஒரு பக்கமா, முன்னும் பின்னுமா? எத்தனை காபி? ஃபைல் பெரிதாக இருந்தால் மட்டும், "எல்லாப் பக்கமும் வேணுமாண்ணா?" வாடிக்கையாளருக்கு மட்டுமே விடை தெரிந்த கேள்விகள் இவை. மார்ஜின் எவ்வளவு வைக்கட்டும் என்று எந்தக் கடைக்காரரும் கேட்டு நான் பார்த்ததில்லை. உங்கள் முகப்பில் இந்த நான்கும், எந்தப் பிரின்டர் என்பதும் இருந்தால் போதும்.

பிரின்டர் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு மெஷின் இருக்கும்: கறுப்பு-வெள்ளைக்கு லேசர், கலருக்கு இங்க்ஜெட். அதாவது, "கலரா?" என்ற கேள்வியும் "எந்தப் பிரின்டர்?" என்ற கேள்வியும் அங்கே ஒன்றுதான். லேசரைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது கலர் பட்டனை மங்கலாக்கிவிட்டு நிற்காதீர்கள். அதை அழுத்தினால் கலர் பிரின்டருக்கு மாறிக்கொள்ளட்டும். அப்புறம் அந்தப் பெயர்ப் பட்டியல். விண்டோஸில் டிரைவரைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரே மெஷின் "காபி 1", "காபி 2" என்று வால் முளைத்து நிற்கும். எது உயிரோடு இருக்கிறது, எது செத்த டிரைவர் என்று கடைக்காரருக்கே குழப்பம். பிரின்டருக்குச் சொந்தப் பெயர் வைக்க விடுங்கள். "பெரிய மெஷின்", "கலர்" என்று அவர்கள் வாயில் புழங்கும் பெயரே பட்டியலிலும் இருக்கட்டும். கடைசியாகப் பயன்படுத்தியது முதலில் வரட்டும்.

"பிடிஎஃப் ஆகச் சேமி" என்பதைப் பிரின்டர் பட்டியலுக்குள் ஒளித்துவைப்பது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் உள்ள வழக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பிடிஎஃப் ஒரு பிரின்டர் அல்ல. அதற்கு எத்தனை காபி, முன்னும் பின்னுமா என்பதெல்லாம் பொருளற்ற கேள்விகள். கீழே இரண்டு பட்டன் வையுங்கள், ஒன்று அச்சிட, ஒன்று பிடிஎஃப் ஆகச் சேமிக்க. சேவை மையத்துக்கு வரும் பாதிப் பேருக்கு வேண்டியது பிடிஎஃப்தான், வாங்கிக்கொண்டு போனில் வைத்துக்கொள்வார்கள்.

இனி பிரிவியூ, அதாவது அச்சாகும் முன் தாள் எப்படி வரும் என்று திரையில் காட்டும் படம். எளிமை என்றதும் பலர் பிரிவியூவைச் சின்னதாக்கிவிட்டு செட்டிங்குக்கு இடம் கொடுக்கிறார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். 2011இல் குரோம் 13 பிரிவியூவை டேபுக்குள்ளேயே கொண்டுவந்தது. ஃபயர்ஃபாக்ஸில் பிரிவியூ ஒரு திரை, பேஜ் செட்டப் ஒரு ஜன்னல், பிரின்ட் டயலாக் இன்னொன்று என்று மூன்றாகப் பிரிந்து கிடந்ததைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒன்றாக்கினார்கள். ஒன்றாக்கியதில் உள்ள லாபம் இதுதான்: செட்டிங்கை மாற்றினால் என்ன ஆகும் என்று விளக்கி எழுத வேண்டிய வேலையே போய்விடுகிறது. பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் இரண்டு பிரவுசரிலும் முதல் பக்கத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்க்ரோல் செய்ய வைக்கிறார்கள். தாள் வீணாவது முதல் பக்கத்திலா? கடைசிப் பக்கத்தில்தான். ஒரு கரன்ட் பில்லையோ விண்ணப்ப ரசீதையோ வெப்சைட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். பில் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். இரண்டாவது தாளில் "தொடர்புக்கு", "தனியுரிமைக் கொள்கை" என்று அடிக்குறிப்பு இரண்டு வரி மட்டும் வரும். பத்துப் பேருக்கு அடித்தால் பத்துத் தாள் போச்சு. பக்கங்கள் எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக ஒரே பார்வையில் தெரியும்படி அடுக்குங்கள். வெறுமையான கடைசிப் பக்கம் தானாகக் கண்ணை உறுத்தும். சின்னப் படத்தைத் தொட்டால் அந்தப் பக்கம் நீங்கட்டும், மறுபடி தொட்டால் திரும்பி வரட்டும். "1-3, 5" என்று டைப் செய்யும் கட்டம் தேவைதான். ஆனால் அதைவிட இந்தத் தொடுதல் எல்லாருக்கும் புரியும்.

இன்னும் ஒரு படி போகலாம். கடைசிப் பக்கத்தில் ஐந்தாறு வரிக்கும் குறைவாக இருந்தால், "92%க்குச் சுருக்கினால் ஒரே தாளில் முடியும்" என்று பிரிவியூவின் அடியிலேயே ஒரு பட்டன் காட்டலாம். எண்ணைப் பிரவுசரே கணக்குப் போட்டுக்கொள்ளும். எவ்வளவு சுருக்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு எல்லை வேண்டும். வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், ஆகவே சாதாரண 16 பிக்சல் எழுத்து தாளில் 12 பாயின்ட்டாக வரும். 70% ஆக்கினால் எட்டரை பாயின்ட்கூட இல்லை. ஆங்கிலம் அதில் தப்பிவிடும். தமிழிலும் கன்னடத்திலும் டோனர் கொஞ்சம் குறைந்திருந்தாலே "ணை", "ஞி" போன்றவற்றின் சுழி அடைந்துபோகும். 80%க்குக் கீழே நீங்களாக யோசனை சொல்லாதீர்கள்.

எத்தனை பக்கம் என்று சொல்வதைவிட எத்தனை தாள் என்று சொல்லுங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் இதைச் சரியாகச் செய்கின்றன. முன்னும் பின்னும் என்றதும் 9 பக்கம் 5 தாள் ஆவதை அந்த எண்ணே காட்டிவிடும். கடைக்காரருக்குக் காசு கணக்குக்கும் அதுதான் வேண்டும்.

அடுத்தது தாள் அளவு. மறைத்துவைக்க வேண்டிய செட்டிங்குகளிலேயே அதிகத் தொல்லை தருவது இது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நம் ஊரில் ஏ4, 210-க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் லெட்டர், எட்டரைக்குப் பதினோரு அங்குலம், அதாவது 215.9-க்கு 279.4. லெட்டர் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் அகலம் கூடுதல், பதினேழரை மில்லிமீட்டர் உயரம் குறைவு. திரையில் இரண்டையும் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, அதுதான் ஆபத்து. குரோமியம் பிடிஎஃபுக்கான டீஃபால்ட் தாளைப் பிரவுசரின் மொழியை வைத்து முடிவு செய்கிறது. ஆங்கிலம்-அமெரிக்கா என்று இருந்தால் லெட்டர். பெங்களூரில் விற்கும் கம்ப்யூட்டர்களில் ஏராளமானவை அந்த மொழி அமைப்போடுதான் வருகின்றன. விளைவாக, அல்சூரில் சேமித்த பிடிஎஃப் அமெரிக்கத் தாளில் பிறக்கிறது. அதை ஏ4இல் அடிக்கும்போது ஏதோ ஒரு இடத்தில் 97%க்குச் சுருங்குகிறது, இல்லாவிட்டால் ஓரம் வெட்டுப்படுகிறது.

சாதாரணக் கடிதம் என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆதார் அட்டையின் பிரதியை வெட்டி லேமினேட் செய்யப் போகிறவருக்குத் தெரியும். அட்டையின் தரமான அகலம் 85.6 மில்லிமீட்டர், 97%இல் அது 83 ஆகிவிடும், பர்ஸில் போட்டால் அட்டை ஆடும். கூரியர் லேபிளின் பார்கோடுக்கும் இதே கதி. ஆகவே இங்கே நீங்கள் செய்ய வேண்டியது: டீஃபால்ட்டை மொழியிலிருந்து எடுக்காதீர்கள். பிரின்டர் தன் டிரேயில் என்ன தாள் இருப்பதாகச் சொல்கிறதோ அதை எடுங்கள், அது சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் நேர மண்டலம் இந்தியா என்பதை வைத்து ஏ4 என்று முடிவு செய்யுங்கள். தேர்வுப் பட்டியலை மறைக்கலாம், ஆனால் "ஏ4" என்ற சொல்லை மறைக்காதீர்கள். பிரிவியூவின் மூலையில் எப்போதும் எழுதியிருக்கட்டும், தொட்டால் பட்டியல் திறக்கட்டும். பட்டியலிலும் டிரைவர் தரும் நாற்பது அளவுகளைக் கொட்ட வேண்டாம். ஏ4, லீகல், ஏ3, ஏ5, மீதி எல்லாம் "மற்றவை"க்குள். லீகல் எதற்கு என்று யோசிப்பீர்கள். மேயோ ஹால் கோர்ட்டைச் சுற்றி உங்கள் பிரவுசர் ஓடினால் தெரியும். உச்ச நீதிமன்றம் 2020இல் ஏ4க்கு மாறிவிட்டது, என்றாலும் பத்திர வேலை என்றால் லீகல் தாள் கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அளவு விகிதத்துக்கு மூன்று தேர்வு போதும்: தாளுக்குள் அடங்கும்படி, அசல் அளவு, மற்றும் ஓர் எண் கட்டம். வெப் பக்கத்துக்கு முதலாவது, பிடிஎஃபுக்கு இரண்டாவது டீஃபால்ட். பிடிஎஃப் ஏற்கெனவே அளவு முடிவானது, அதில் கை வைக்காமல் இருப்பதே மரியாதை. தாளின் அளவும் பிடிஎஃபின் அளவும் ஒத்துப்போகாவிட்டால் மட்டும் சுருக்கலாமா என்று கேளுங்கள்.

மார்ஜினுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதாரணம், குறைவு, இல்லை, இந்த மூன்றையும் உள்ளே வைத்துவிடுங்கள். "இல்லை" என்று போட்டாலும் பெரும்பாலான பிரின்டர்களால் ஓரத்தில் நாலைந்து மில்லிமீட்டர் அச்சிட முடியாது. அந்தப் பட்டையைப் பிரிவியூவில் சாம்பல் நிறத்தில் காட்டிவிட்டால் சண்டை வராது.

தலைப்பு-அடிக்குறிப்பு விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தேதி, பக்கத் தலைப்பு, முகவரி, பக்க எண் நான்கையும் ஒரே டிக்-மார்க்கில் கட்டிவைத்திருக்கிறார்கள். பக்க எண் வேண்டும் என்றால் நீளமான வெப் முகவரியும் கூடவே வந்தாக வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் முன்பு தாளின் மேலே மூன்று, கீழே மூன்று என்று ஆறு இடத்துக்கும் தனித்தனியாகத் தேர்வு செய்யலாம். இப்போது அதற்கு அபவுட்-கான்ஃபிக் என்ற மறைவான செட்டிங் பக்கத்துக்குள் போக வேண்டும். முகவரி அசிங்கமாக இருக்கிறது என்பதோடு பிரச்சினை முடியவில்லை. சில வெப்சைட்டுகள் விண்ணப்ப எண்ணையும் செஷன் எண்ணையும் முகவரிக்குள்ளேயே வைக்கின்றன. கடையில் அடித்த தாளில் அது பதிந்து, பிழையான பிரதி குப்பைக் கூடைக்குப் போய், யார் கையிலோ கிடைக்கிறது. எனவே பக்க எண்ணைத் தனியாகப் பிரியுங்கள், ஒன்றுக்கு மேல் பக்கம் இருந்தால் தானாக வரட்டும். முகவரியும் தேதியும் கேட்டால் மட்டும்.

பின்னணி நிறத்தை எல்லா பிரவுசரும் டீஃபால்ட்டாக அணைத்துவைத்திருப்பது மை மிச்சத்துக்காக. நியாயமான முடிவுதான். அதில் ஒரு பொறி இருக்கிறது: கியூஆர் கோடையோ முத்திரையையோ வெப்சைட்காரர் சாதாரணப் படமாக வைக்காமல் சிஎஸ்எஸ் பின்னணிப் படமாக வைத்திருந்தால், தாளில் அந்த இடம் காலியாக வரும். நுழைவுச் சீட்டை அடித்துக்கொண்டு போனவர் வாசலில்தான் கண்டுபிடிப்பார். பக்கத்தில் பின்னணிப் படம் ஏதாவது விடுபடுகிறது என்றால் பிரிவியூவின் மேல் ஒரு வரி சொல்லுங்கள், "பின்னணிப் படங்கள் சேர்க்கப்படவில்லை, சேர்க்கவா?" என்று. விடுபடாத பக்கத்தில் அந்த வரியே தோன்றக் கூடாது.

இதே வழியில், வெப் பக்கமே சில விஷயங்களை முடிவு செய்துவிடுவதும் உண்டு. சிஎஸ்எஸ்ஸில் தாளைப் பற்றிச் சொல்லும் அட்-பேஜ் (@page) விதியில் தாளைப் படுக்கைவாட்டில் வை என்று எழுதியிருந்தால், குரோமில் நெடுக்கா கிடையா என்ற தேர்வே காணாமல் போய்விடும். தொழில்நுட்பப்படி சரி. ஆனால் நேற்று இருந்த பட்டன் இன்று எங்கே என்று மனிதர் தேடுவார். பட்டனை அங்கேயே வைத்து, "இந்தப் பக்கமே கிடையாக அச்சிடச் சொல்கிறது" என்று காரணத்தை எழுதுங்கள். நெடுக்கு-கிடை பட்டனை நான் பிரிவியூவின் மேலேயே வைப்பேன், தாளைத் திருப்பும் அம்புக்குறியாக. செட்டிங் வரிசையில் அதற்கு இடமே வேண்டாம்.

இரு பக்க அச்சில் "நீள விளிம்பு", "குறுகிய விளிம்பு" என்று கேட்காதீர்கள். நூற்றில் ஒருவருக்குக்கூடப் புரியாது. புத்தகம் போலத் திரும்புவது, காலண்டர் போல மேலே புரள்வது என்று இரண்டு சின்னப் படம் போதும், முதலாவதே டீஃபால்ட். இரு பக்கம் தானாக அடிக்கத் தெரியாத மலிவான மெஷின்களில் ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்துவிட்டு, தாள் கட்டைத் திருப்பிப் போடச் சொல்லி, இரட்டைப்படையைப் பின்னால் அடிக்க வேண்டும். இந்த வேலையை நீங்களே இரண்டு படியாக நடத்திவைத்தால் கடைக்காரர்கள் உங்களை விடவே மாட்டார்கள்.

எதை நினைவில் வைப்பது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள், பின்னால் ஒட்டுப்போட வராது. எந்தப் பிரின்டர் என்பதையும், கலர், ஒரு பக்கமா இரு பக்கமா, தாள் அளவு ஆகியவற்றை அந்தந்தப் பிரின்டருக்கென்று தனியாகவும் நினைவில் வையுங்கள். காபி எண்ணிக்கையும் பக்க வரம்பும் ஒருபோதும் நினைவில் நிற்கக் கூடாது. முந்தைய ஆள் இருபது காபி எடுத்ததற்கு அடுத்த ஆள் தாளுக்குக் காசு கொடுக்க முடியாது. அளவு விகிதமும் அப்படியே, ஒவ்வொரு முறையும் டீஃபால்ட்டுக்குத் திரும்ப வேண்டும்.

உள்ளே எழுதும்போது செட்டிங்குகளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். தாள் அளவு, மார்ஜின், விகிதம், நெடுக்கு-கிடை, அடிக்குறிப்பு இவை மாறினால் பக்கத்தை மறுபடி அடுக்கியாக வேண்டும். காபி, இரு பக்கம் மாறினால் அடுக்கவே வேண்டாம், தாள் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதும். கறுப்பு-வெள்ளைக்கு இருக்கிற பிரிவியூவைச் சாம்பல் நிறமாக்கிக் காட்டலாம். குரோமியம் பிரிவியூவுக்காகப் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கித்தான் காட்டுகிறது, நூறு பக்க ஆவணத்தில் அதை ஒவ்வொரு கிளிக்குக்கும் திரும்பச் செய்தால் பழைய கம்ப்யூட்டர் மூச்சுவிடாது. விகிதக் கட்டத்தில் 92 என்று டைப் செய்பவர் முதலில் 9 என்று அடிப்பார்; 9%க்கு ஒரு பிரிவியூ யாருக்கும் வேண்டாம், விரல் நிற்கும்வரை கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து, தாமதமாக வரும் பழைய விடையைத் தூக்கி எறியுங்கள். நெட்வொர்க் பிரின்டர் தூங்கிக்கொண்டிருந்தால் தன் திறன்களைச் சொல்லவே நேரம் எடுக்கும். அதற்காக முழுப் பெட்டியையும் காக்க வைக்காமல், சென்ற முறை சொன்னதைக் காட்டிவிட்டுப் பின்னால் திருத்திக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல்-பி, உடனே என்டர். கடையில் வேலை செய்பவரின் விரல் இதற்குப் பழகியிருக்கும். பெட்டி திறந்ததும் ஃபோகஸ், அதாவது என்டர் தட்டினால் இயங்கும் இடம், அச்சிடும் பட்டனில் இருக்க வேண்டும். பிரிவியூ வரும் முன்பே என்டர் தட்டினால் அதைத் தொலைத்துவிடாமல், தயாரானதும் அனுப்புங்கள். டோக்கன் மட்டும் அடிக்கும் கவுன்டர் என்றால் பெட்டியே வேண்டாம். கியோஸ்க் பிரின்டிங் என்ற ஸ்விட்ச் குரோமியத்தில் ஏற்கெனவே உண்டு, பெட்டியைக் காட்டாமல் நேராக அடித்துவிடும். அப்புறம், உங்கள் பெட்டியைக் கன்னடத்துக்கும் தமிழுக்கும் மாற்றும்போது எழுத்து ஆங்கிலத்தைவிட நீளும், அகலத்தை பிக்சலில் கட்டிப்போடாதீர்கள்.

எவ்வளவு எளிமையாக்கினாலும் கீழே ஓரத்தில் சிஸ்டம் டயலாக்குக்கு, அதாவது விண்டோஸ் சொந்தமாகத் தரும் பிரின்ட் பெட்டிக்கு, ஒரு வழி விட்டுவையுங்கள். ஸ்டேபிள் அடிப்பது, எந்த டிரே, பின் நம்பர் போட்டு வெளியே எடுக்கும் பாதுகாப்பு அச்சு எல்லாம் அந்தந்த டிரைவர்காரர் வைத்திருக்கும் வசதிகள். அவற்றை நீங்கள் திரும்பக் கட்டப் போனால் பெங்களூரின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் விற்கும் ஒவ்வொரு மாடலுக்கும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டியதுதான். சோதனைக்கு அதே எஸ்பி ரோட்டில் இரு பக்கம் அடிக்கத் தெரியாத மலிவான லேசர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் மொழியை ஆங்கிலம்-அமெரிக்கா என்று வைத்து, ஒரு ரயில் டிக்கெட், கலர் கட்டங்கள் உள்ள அகலமான அட்டவணை, நீளமான தமிழ்க் கட்டுரை, வெட்டி எடுக்க வேண்டிய அட்டை இவ்வளவையும் அடியுங்கள். அட்டையை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், 85.6 வர வேண்டும்.